கண்டலமவில் பாவா ஏன் ஓடு போடவில்லை

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஓட்டுக்கூரை. தாழ இறங்கிய நாட்டு ஓடு, அதற்குக் கீழே அகலமான தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம், ஒன்றிரண்டு பழைய மரத்தூண்கள். இலங்கையின் தென்கரையில் தொடங்கி கேரளம், பாலி வரைக்கும் எத்தனையோ ரிசார்ட்டுகள் இந்தச் சாயலை எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் கட்டிய பெரிய ஹோட்டல் ஒன்றில் அந்தக் கூரை கிடையாது. தம்புள்ளைக்குப் பக்கத்தில், கண்டலம வாவி என்ற ஏரியைப் பார்த்தபடி, ஒரு பாறைச் சரிவில் நிற்கும் கட்டடம் அது. 1994இல் திறந்தது. தட்டையான கான்கிரீட் தளம், கட்டம் கட்டமாகத் தூணும் உத்தரமும். வேலை நடந்த காலத்தில் யாராவது பார்த்திருந்தால் கொழும்பில் எழும்ப வேண்டிய அலுவலகக் கட்டடம் வழி தவறி இங்கே வந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்.

இன்றைக்கு வாவியின் அக்கரையில் நின்று பார்த்தால் அந்தக் கட்டடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், 152 அறைகள். அவ்வளவும் கொடிக்குள் போய்விட்டது. கீழே தண்ணீர், மேலே பாறை, பாறையின் இடுப்பில் ஒரு பச்சைப் பட்டை. அவ்வளவுதான் தெரியும்.

சூழலுக்கு இசைவாகக் கட்டுவது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் தோற்றத்தைத்தான் பேசுகிறோம். பக்கத்தில் கோயில் இருந்தால் கோயில் தூண் மாதிரி ஒன்று, கிராமம் என்றால் ஓடு, காரைக்குடிப் பக்கம் என்றால் ஆத்தங்குடிக் கல். பாவாவின் வேலைகளை வரிசையாகப் பார்த்தால் அவர் கவனம் முதலில் போன இடங்கள் வேறு என்று தெரியும். கட்டடம் எங்கே நிற்க வேண்டும், மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்கும், உள்ளே வருகிறவர் எதை முதலில் பார்ப்பார், எதை அவர் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். இந்தக் கேள்விகளெல்லாம் முடிந்த பிறகுதான் கூரை ஓடா தளமா என்ற பேச்சு வருகிறது. கண்டலமவில் அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில், ஓடு வேண்டாம் என்பதாக இருந்தது.

கதை இடத்தேர்வில் தொடங்குகிறது. ஹோட்டல் நிறுவனம் முதலில் காட்டிய நிலம் சிகிரியாவுக்குப் பக்கத்தில் இருந்தது. சிகிரியா 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் அரண்மனை எழுப்பிய பாறை. 1982 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். சுற்றுலாக் கணக்குப் பார்க்கும் யாரும் அதன் காலடியில்தான் ஹோட்டல் கட்டுவார்கள். பாவா அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளி இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். இங்கிருந்து பார்த்தால் வாவிக்கு அப்பால், காட்டுக்கு மேலே, சிகிரியா சின்னதாக, நீல நிறத்தில் நிற்கிறது. காலடியில் கட்டியிருந்தால் அந்தப் பாறைக்கு ஹோட்டல் ஓர் இடைஞ்சல். தள்ளி வந்ததால் ஹோட்டலுக்குப் பாறை ஒரு காட்சி. பழைய சின்னத்துக்குக் காட்டக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு முடிவு எடுத்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இடம் மாறியதால் எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1992இல் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிக்குகள், ஊர்மக்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று பலரும் தெருவுக்கு வந்தார்கள். வாவித் தண்ணீரில் கழிவு கலந்துவிடும், தம்புள்ளைக் குகைக்கோயிலின் புனிதம் போய்விடும், காடு அழியும், ஊர்ப்பிள்ளைகளின் வாழ்க்கை மாறிப்போகும் என்பவை அவர்களின் கவலைகள். அந்த வாவி விவசாயத்துக்குத் தண்ணீர் தருவது. அதைப் பார்த்தபடி 152 குளியலறைகள் வரப்போகின்றன என்றால் எந்த ஊரும் பயப்படத்தான் செய்யும். கட்டடம் பிறகு உலகப் புகழ் பெற்றுவிட்டது என்பதற்காக அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. கழிவுநீரை எப்படிச் சுத்திகரிப்பது, எதை எங்கே விடுவது என்பதில் அந்த ஹோட்டல் காட்டிய அக்கறைக்குப் பின்னால் அந்தக் கூட்டங்களின் அழுத்தமும் இருந்திருக்க வேண்டும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பாறைச் சரிவில் கட்டுகிறவருக்கு முதல் எதிரி தண்ணீர். மழை பெய்தால் மேலே இருக்கும் மொத்தப் பாறையின் தண்ணீரும் ஒரே நேரத்தில் இறங்கும். இந்தச் சிக்கல் அந்த வட்டாரத்துக்கு ரொம்பப் பழையது. தம்புள்ளைக் குகைகளின் நெற்றியைப் பார்த்தால் பாறையில் நீளமாக ஒரு வெட்டு ஓடும். நம் மதுரைப் பக்கத்தில் மாங்குளத்திலும் மற்ற சமணர் குகைகளிலும் இதே வெட்டு உண்டு. தமிழில் அதைக் காடி என்கிறார்கள். பாறையின் மேல் வழியும் தண்ணீர் பாறையை ஒட்டியே வளைந்து குகைக்குள் வந்துவிடும். காடி வெட்டிவிட்டால் அந்த விளிம்பில் பிடி விட்டு, நேராகக் கீழே சொட்டிவிடும். உள்ளே படுத்திருக்கும் துறவி நனையமாட்டார். ஒரு விரற்கடை ஆழ வெட்டுதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக வேலை செய்கிறது.

கண்டலமவில் பாவா பாறையை வெட்டப் போகவில்லை. கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்கி, பாறையிலிருந்து கொஞ்சம் விலக்கி நிறுத்தினார். பாறையிலிருந்து இறங்கும் தண்ணீர் கட்டடத்துக்கு அடியில் புகுந்து வாவியை நோக்கிப் போய்விடுகிறது. நம் ஊரில் அடித்தளத்துக்கு வாணம் தோண்டும்போது பாறை குறுக்கே வந்தால் முதலில் எழும் யோசனை வெடி வைப்பதுதான். வெடி வைத்துத் தரையைச் சமமாக்கி, அதன்மேல் கட்டி, பிறகு ஒவ்வொரு மழைக்கும் பின்சுவர் ஓதம் கண்டு பூச்சு உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். தூணில் நிற்கும் கட்டடத்துக்கு அந்த வம்பே இல்லை. தண்ணீர் போன வழியில் பாம்பும் உடும்பும் போகின்றன.

கட்டடம் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஹோட்டல்களில் வழக்கமாக நடுவில் ஒரு நடைவழி போகும், அதன் இரண்டு பக்கமும் அறைகள் இருக்கும். அப்படிச் செய்தால் கட்டடம் தடிமனாகும், நடைவழி இருட்டாகும், பகலிலேயே விளக்குப் போட வேண்டும். இங்கே அறைகள் ஒரு பக்கம் மட்டும்தான், எல்லாம் வாவியைப் பார்த்தவை. நடைவழி மறுபக்கம், பாறையைப் பார்த்துத் திறந்தபடி போகிறது. கட்டடம் ஒல்லியாக இருப்பதால் காற்று குறுக்கே கடந்து போகும். பாறையின் வளைவைத் தொட்டுத் தொட்டுப் போகவும் ஒல்லிக் கட்டடத்தால்தான் முடியும். அறைச்சாவியோடு நடந்துபோகிறவருக்கு ஒரு கை தூரத்தில் ஈரமான பாறை வருகிறது, பாசி வருகிறது, வேர் தொங்குகிறது. சில இடங்களில் பாறையே நடைவழிக்குள் மூக்கை நீட்டியிருக்கும். அதை யாரும் செதுக்கி எடுக்கவில்லை, பக்கத்துத் தரையைத்தான் அதன் வடிவத்துக்கு நறுக்கியிருக்கிறார்கள்.

உள்ளே நுழையும் விதத்தில்தான் பாவாவின் கை முழுதாகத் தெரிகிறது. வண்டி காட்டுவழியாக வந்து சரிவில் ஏறுகிறது. வாவி கண்ணில் படாது. சிகிரியாவும் படாது. பெரிய வரவேற்பு முகப்பு என்று எதுவும் இல்லை. பாறையை ஒட்டிய ஒரு நிழலடியில் இறங்குகிறோம். அங்கிருந்து குகை மாதிரி ஒரு வழி உள்ளே போகிறது, ஒரு பக்கம் பாறை. வெயிலில் வந்த கண் இருட்டுக்குப் பழகுகிறது. பிறகு ஒரு திருப்பம். திடீரென்று சுவரே இல்லாத ஒரு கூடம், அதற்கு முன்னால் நீச்சல்குளம், குளத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் வாவித் தண்ணீர், அதற்கும் அப்பால் சிகிரியா. எல்லாம் ஒரே நொடியில். 10 கிலோமீட்டர் தள்ளிப்போய் நின்றதன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. நம் பழைய கோயில்களில் கருவறையை நோக்கிப் போகப்போக வெளிச்சம் குறைந்து, கடைசியில் ஒரு சுடர் மட்டும் தெரியும். இங்கே அதைத் தலைகீழாகப் போட்ட மாதிரி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறோம்.

இப்போது ஓட்டுக்குத் திரும்பலாம். பாவா தன் மற்ற கட்டடங்களில் ஓடு போட்டது வெறும் பழமை மோகத்தால் என்றால் கண்டலமவைப் புரிந்துகொள்ளவே முடியாது. அவர் ஓடு போட்ட முறையைப் பாருங்கள். நாட்டு ஓட்டை மட்டும் வேய்ந்தால் கூரை செங்குத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். குரங்கும் பூனையும் ஓட்டை நகர்த்திவிடும், மழைக்காலத்துக்கு முன்னால் ஆள் ஏற்றிப் பிரித்து அடுக்க வேண்டும். நெளிவு நெளிவான சிமெண்ட் ஷீட் ஒழுகாது, ஆனால் வெயிலில் கொதிக்கும், பார்க்கவும் நன்றாயிருக்காது. பாவா ஷீட்டைக் கீழே போட்டு, அதன் நெளிவுகளில் நாட்டு ஓட்டை வரிசையாகப் பதித்தார். ஷீட் தண்ணீரைத் தடுத்தது, ஓடு வெயிலைத் தாங்கியது. கூரையின் சரிவையும் குறைக்க முடிந்தது. அந்தக் காலத்து ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்தது ஒரு குறை, அதன் கேடு இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யோசனை தெளிவானது. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் தென்கரைச் சமவெளியில், தென்னைமரங்களுக்கு நடுவே, ஓடுதான் சரியான பதில்.

கண்டலமவில் அதே ஓட்டைப் போட்டால் என்ன ஆகும்? பாறைக்கு முன்னால் ஒரு கிலோமீட்டருக்குச் செம்மண் நிறத்தில் முக்கோணம் முக்கோணமாகக் கூரைகள் வரிசை கட்டும். பல மைல் தூரத்துக்குத் தெரியும். சிகிரியா உச்சியில் ஏறி நிற்கிறவர் கண்ணிலும் முதலில் அதுதான் குத்தும். தட்டைத் தளம் போட்டால் அதன்மேல் மண் கொட்டலாம், செடி வளர்க்கலாம், மேலே இருக்கும் காடு அப்படியே கூரைமேல் இறங்கி வரலாம். அதைத்தான் செய்தார். முகப்பில் மரச்சட்டங்களை அடுக்கிக் கொடி ஏறுவதற்கு வழிவிட்டார். அவ்வளவு பெரிய கான்கிரீட் வேலையை அவரே முடித்துவிடாமல் மீதியைக் கொடிகளிடம் ஒப்படைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. திறந்த புதிதில் எடுத்த படங்களில் கட்டடம் மொட்டையாகத்தான் நிற்கும். மூடுவதற்குப் பல மழைக்காலங்கள் தேவைப்பட்டன. இன்றும் யாராவது ஓயாமல் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறைக்குள் வெளிச்சம் வராது. இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தத் தோட்டக்காரர்களைச் சொல்வதேயில்லை. எனக்கு அவர்கள் வேலை கொத்தனார் வேலைக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

குரங்குகளுக்கு இந்த இடம் தங்களுடையது என்பதில் சந்தேகமே இல்லை. பால்கனிக் கதவைத் தாழிட்டு வையுங்கள் என்று விருந்தினர்களிடம் சொல்கிறார்கள். சொன்னதைக் கேட்காதவரின் பழத்தட்டு காலியாகிவிடும். உள்ளே, மாடிப்படிக்கு மேலே, லக்கி சேனநாயக்க செய்த ஒரு பிரம்மாண்டமான ஆந்தை சிறகை விரித்துத் தொங்குகிறது. பாவாவோடு பல ஆண்டுகள் வேலை செய்த சிற்பி அவர்.

இந்தச் சிந்தனை கண்டலமவில் திடீரென்று முளைத்ததில்லை. பாவா 1919இல் கொழும்பில் பிறந்தவர், முதலில் வழக்கறிஞர். லண்டனில் கட்டடக்கலை படித்து 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1948இல், பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரியோரமாக ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கியிருந்தார். அதுதான் லுனுகங்கா. அங்கே தோட்டம் போடப் போய்த்தான் கட்டடக்கலை படிக்கும் ஆசையே வந்தது. சாகும்வரை, 2003 வரை, அந்தத் தோட்டத்தை அவர் திருத்திக்கொண்டே இருந்தார்.

லுனுகங்காவில் ஒரு மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கோயில்களில் நிற்குமே ஈழத்தலரி, சிங்களத்தில் அரலியா, அந்த மரம். கிளைகள் அகலமாகப் படர வேண்டும் என்பதற்காக அவர் இளங்கிளைகளில் கனமான பொருள்களைக் கட்டித் தொங்கவிட்டார். கிளை மெல்ல மெல்லத் தாழ்ந்து, பக்கவாட்டில் நீண்டு, இன்று பெரிய குடை மாதிரி நிற்கிறது. வீட்டுக்கும் எதிரே இருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு பாதை ஊருக்குப் போகும். அதை மூடவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் பிடிக்கவில்லை. பாதையைப் பள்ளத்தில் போக வைத்தார். வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே மூச்சாக மேட்டில் ஏறுவது போலத் தெரியும், நடுவில் சைக்கிள் போவது தெரியாது. மேட்டின் உச்சியில் மரத்தடியில் ஒரு பெரிய சாடி. அதற்கு நேர் பின்னால், ஏரிக்கு அப்பால், தொலைவில் ஒரு புத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் (ஸ்தூபி). அந்த விகாரை அவருக்குச் சொந்தமில்லை. ஆனால் ஒரு சாடியை வைத்ததன் மூலம் அதைத் தன் தோட்டத்தின் எல்லையாக்கிக்கொண்டார். கண்டலமவில் சிகிரியாவைக் கொண்டுவந்து குளத்தின் விளிம்பில் நிறுத்தினாரே, அதற்கான ஒத்திகை இங்கே நாற்பது ஆண்டுகளாக நடந்திருக்கிறது.

பாறையோடும் அவருக்குப் பழைய பழக்கம் உண்டு. 1960களின் நடுவில், குருநாகல் மாவட்டத்தில் பொலொந்தலாவ என்ற தென்னந்தோட்டத்தில் மேலாளருக்கு ஒரு வீடு கட்ட வேண்டியிருந்தது. பாவாவும் அவருடைய டென்மார்க்குக் கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னரும் போய்ப் பார்த்தார்கள். யானை யானையாகப் பாறைகள் கிடந்த ஓர் இடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வரைபடம் போட்டுக்கொண்டு வந்து கட்டவில்லை. அங்கேயே முளை அடித்து, நூல் பிடித்து, சுவர் இங்கே வரட்டும், கூரை இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்குப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். கூரையைத் தாங்கும் உத்தரம் பாறையின் மேலேயே உட்காருகிறது. நம் ஊரில் மேஸ்திரிகள் காலங்காலமாகச் செய்துவந்த முறைதான் இது. நிலத்தில் நின்று நூல் பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற விஷயம் காகிதத்தில் தெரியாது.

இதற்கும் முன்னோடி சிகிரியாவின் அடிவாரத்திலேயே இருக்கிறது. பாறைகள் சிதறிக் கிடக்கும் தோட்டப்பகுதியில் ஒவ்வொரு பாறையிலும் படி படியாக வெட்டுகளைப் பார்க்கலாம். செங்கல் சுவர் வழுக்காமல் உட்காருவதற்காக வெட்டிய இருக்கைகள் அவை. சுவர்கள் போய்விட்டன, இருக்கைகள் மட்டும் மிச்சம். 5ஆம் நூற்றாண்டில் கட்டியவர்களும் பாறையைத் தள்ளிவிடாமல் அதன் முதுகில் சுவரைச் சாய்த்துக்கொண்டார்கள். கண்டலம ஹோட்டலின் மூதாதையை இலங்கையின் ஓட்டு வீடுகளில் தேடுவதைவிட இங்கே தேடுவது பொருத்தம்.

இயற்கையோடு மட்டும்தான் அவரால் இப்படிப் பேச முடிந்ததா, ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களோடு என்ன செய்தார் என்று கேட்கலாம். அதற்குக் கொழும்பில் அவர் குடியிருந்த வீடே பதில். 33ஆம் ஒழுங்கை, 11ஆம் எண். குறுகிய சந்தில் வரிசையாக நான்கு சின்ன வீடுகள் இருந்தன. 1958இல் அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பக்கத்து வீடு காலியானபோது அதையும் எடுத்தார். பத்தாண்டுகளில் நான்கும் அவருடையதாகிவிட்டன. சாதாரணமாக யாரும் நான்கையும் இடித்துவிட்டுப் பெரிதாக ஒன்று கட்டுவார்கள். இவர் பெரும்பாலும் இடைச்சுவர்களை மட்டும் அங்கங்கே உடைத்துத் திறந்தார். சந்தாக இருந்தது நீண்ட வெள்ளை நடைவழி ஆயிற்று. இருட்டாக இருந்த மூலைகளில் கூரையைத் திறந்து, ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு செடியும் வைத்து, வெளிச்சத்தை இறக்கினார். செட்டிநாட்டுப் பழைய மரத்தூண்களும் இந்த வீட்டுக்குள் இருக்கின்றன. முன்னால் இருந்த வீட்டை மட்டும் இடித்து, மாடிமேல் மாடியாக ஒரு கோபுரம் எழுப்பினார். உள்ளே நடந்தால் அந்த ஏழை வீடுகளின் பழைய அளவு இன்னும் உடம்புக்குத் தெரியும். அகலம் திடீரென்று குறையும், தளம் ஒரு படி இறங்கும். அந்தக் கோணல்களை அவர் நேராக்கவே இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் கோச்சடையில், மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்காக ஒரு கிளப் கட்டினார்கள். அதை வடிவமைத்தவர் பாவா. இடிந்த பழைய கட்டடங்களிலிருந்து வந்த கல்தூண்களையும் கதவுகளையும் சேர்த்துக் கட்டியது. இலங்கையில் அவர் பழகிய மரம் தாராளமாகக் கிடைக்காத ஊரில், மதுரையில் கிடைப்பது கருங்கல், அதை வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் இங்கே நிறைய என்று பார்த்திருக்கிறார். அந்த இடம் பிறகு ஹோட்டலாகிவிட்டது. வைகைக்கரைச் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிற எத்தனையோ பேருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது.

பாவாவின் அலுவலகத்தில் தமிழர் ஒருவரின் பங்கு மிகப் பெரியது. பொறியாளர் கே. பூலோகசுந்தரம். பிளெஸ்னர் போன பிறகு பாவாவின் பங்குதாரராக இருந்தவர். பாவா ஓர் உத்தரத்தைப் பாறைமேல் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம், அது விழாமல் நிற்கக் கணக்குப் போடுவது இன்னொருவர் வேலை. பாவாவைப் பற்றிய பேச்சில் இந்தப் பெயர் இன்னும் சத்தமாக வர வேண்டும் என்பது என் எண்ணம்.

இதெல்லாம் பணக்காரர்களுக்கும் ஹோட்டல்களுக்கும்தானே என்ற கேள்வி நியாயமானது. ஒரு பகுதி உண்மையும்கூட. ஆனால் மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1980களில் கட்டியது, அரசாங்கப் பணம், சிக்கனமான பொருள்கள். கடலைப் பார்த்த மேடுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். மேடுகளைச் சீவிச் சமதரையாக்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கட்டடங்களை எல்லாம் ஒரே திசைக்கட்டத்தில் நேராக நிறுத்தி, தரை ஏறி இறங்குவதை அப்படியே விட்டார். ஆகவே ஒரு கட்டடத்தின் கூரை இன்னொன்றின் வாசலுக்குச் சமமாக வரும். வகுப்பு மாறிப் போகும் மாணவர்கள் கூரையிட்ட நடைவழிகளில், மழையில் நனையாமல், படி ஏறி இறங்கிப் போகிறார்கள். நடுவில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

கோட்டேயில் 1982இல் திறந்த இலங்கை நாடாளுமன்றம் வேறு வகை. அங்கே சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவு உண்டாக்கி, அதன்மேல் செப்புக் கூரைகளை எழுப்பினார். இருக்கும் சூழலுக்குப் பதில் சொல்வதைவிட, வேண்டிய சூழலையே உருவாக்கிக்கொண்டது அது. அந்த மன்றத்தில் எடுத்த முடிவுகள் தமிழர் வாழ்க்கையில் என்ன செய்தன என்பதை மறந்துவிட்டு அந்தக் கூரைகளின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இத்தனை நேரம் சொன்னதையெல்லாம் சோதித்துப் பார்க்கிறது. 1960இல் பத்திக் ஓவியக் கலைஞர் (துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்த்து வரைபவர்) ஈனா டி சில்வா கொழும்பில் ஆல்பிரட் பிளேஸில் வாங்கியது சின்ன மனை. சுற்றிலும் வீடுகள். நாலு பக்கமும் ஜன்னல் வைத்தால் நாலு பக்கத்து வீட்டுக்காரர்களும் உள்ளே பார்ப்பார்கள். பாவா வீட்டை முழுதாக உள்பக்கம் திருப்பிவிட்டார். தெருவுக்கும் அண்டை வீடுகளுக்கும் காட்டியது வெறும் சுவர். உள்ளே பெரிய முற்றம், நடுவில் ஒரு மரம், தரையில் கல், சுற்றித் தாழ்வாரம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த முற்றத்தில் நின்றால் பாட்டி வீடு ஞாபகம் வரும். 1962இல் முடிந்த அந்த வீட்டைப் பார்த்துத்தான் கொழும்பில் முற்றம் வைத்த நகர வீடுகள் மறுபடி வரத் தொடங்கின.

ஐம்பது ஆண்டுகளில் ஆல்பிரட் பிளேஸ் மாறிப்போனது. நிலத்தின் விலை ஏறியது, மனை கைமாறியது, வீடு இடிபடும் நிலைக்கு வந்தது. அப்போது ஆர்வலர்கள் சேர்ந்து, கல்லுக்கும் ஓட்டுக்கும் தூணுக்கும் எண் போட்டு, வீட்டைப் பிரித்து எடுத்தார்கள். பெந்தோட்டைக்குக் கொண்டுபோய் லுனுகங்காவில் மறுபடி கட்டினார்கள். 2016இல் திறந்தது. ஈனா அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

ஒரு மனைக்காகவே பிறந்த வீட்டை வேறு இடத்துக்குத் தூக்கிப் போனால் அது பொருந்துமா? கண்டலம ஹோட்டலை அந்தப் பாறையிலிருந்து கழற்றி எங்கேயும் வைக்க முடியாது. இந்த வீட்டை வைக்க முடிந்தது. அது வெளியே இருந்த எதையும் பார்க்காமல், தனக்குள் ஒரு வானத்தை வைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். முற்றம் முன்பு போலவே இருக்கிறது, மழையும் முன்பு போலவே அதற்குள் விழுகிறது. ஆனால் வெளிச்சுவரில் இன்றும் ஜன்னல் கிடையாது. அண்டை வீட்டார் கண்ணிலிருந்து தப்பிக்க எழுப்பிய சுவர் அது. அதற்கு அந்தப் பக்கம் இப்போது லுனுகங்காவின் மரங்கள்தான் நிற்கின்றன.